கை நனைக்காதவர்

போன அன்னையர் ஞாயிறன்று எங்கள் வேதக் கோவிலில் மறைந்த எட்வினம்மாவின் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். படத்துக்குக் கீழே ‘முன்மாதிரித் தாய்’ என்று எழுத்து ஓடியது. பாடகர் குழு மெதுவாக ராகம் இழுத்தது. பெண்கள் பக்கம் இருந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

அந்தப் படம் எனக்குத் தெரியும். என் மகளின் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. எட்வினம்மாவும் அவர் பையன் எட்வினும் சேர்ந்து நின்ற படம். யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பையனை வெட்டிவிட்டுத் தாயை மட்டும் எடுத்திருக்கிறார்கள். வெட்டியதையும் ஒழுங்காக வெட்டவில்லை. அவர் தோளின்மேல் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. கோவில் நிறைய ஆட்கள் இருந்தோம். அந்த விரல்கள் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

பையனை வெட்டிவிட்டால் அங்கே என்ன தாய் மிச்சம்? அவர் எப்படிப்பட்டவர் என்று திரை சொல்லாது. சுவரோடு சுவராகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவள் நான் சொல்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் லைன் வீடுகளில், மளிகைக் கடையில், கோவிலில், எங்கேயும் அவர் எட்வினம்மாதான். எனக்கு அக்கா.

நான் கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டுக்காரர், நம்ம சபைக்காரர் என்று ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “எட்வினுக்குங்க அம்மணி?” என்று கேட்டார். உள்ளே பத்து வயதுப் பையன் ஒருவன் மாவு ஆட்டும் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சு வராதவன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வாயோரம் ஒழுகுவதைத் துடைக்க, சட்டையில் ஒரு துணியை ஊக்குப் போட்டுக் குத்தியிருப்பார்கள். அவனுக்குக் காபி கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல்தான் நான் கொண்டுவரவில்லை. அதைச் சொன்னேன்.

“குடிக்க மாட்டானுங்க. பாதிய மேல ஊத்திப்போடுவான். ஆனா அவனையும் ஒரு வார்த்த கேக்கோணுமுங்க கண்ணு.”

நான் திரும்பப் போய் இன்னொரு டம்ளர் கலந்து எடுத்து வரும்வரை அவருடைய காபி சன்னல் திண்டிலேயே இருந்தது. அவர் சொன்ன மாதிரியே பையன் பாதியை மேலே ஊற்றிக்கொண்டான். அவனைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன தன் காபியை நின்றபடியே குடித்தார். என்ன பிடிவாதக்காரப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அது பிடிவாதம் இல்லை, அவருடைய சுபாவமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் கேள்வி “எட்வினுக்குங்க?” என்பதுதான். கிறிஸ்மஸ் கேக் பொட்டலம் கொடுத்தாலும் அதே கேள்வி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா கொடுத்த வருடம் இவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இவர் போய் வரிசையில் நின்று கேட்டு வாங்கினார். “எழுதறதுக்கில்லீங்க டீச்சர், கையில வெச்சுக்கறதுக்கு” என்றார். அந்த டப்பாவை எட்வின் தேய்ந்து போகும்வரை திறந்து திறந்து மூடினான்.

இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் அவர் குடும்பம் நடத்தினார். வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார், மோசமானவர் என்று சொல்ல முடியாது. பையனைக் குணப்படுத்தித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் பின்னாலேயே அலைந்தார். ஒரு தடவை மனைவியிடம் சொல்லாமல், அந்தியூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஜெப வீட்டுக்குப் பையனை அழைத்துப் போய்விட்டார். அங்கே பிசாசு ஓட்டுகிறோம் என்று பையனைத் தரையில் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். எட்வினம்மா எப்படியோ விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், ஜெபத்தின் நடுவிலேயே உள்ளே நுழைந்து, பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பையனின் மேல்கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. நானே எண்ணெய் போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் விசுவாசம் அவருக்கு. கொஞ்ச நாளில் அந்த ஜெப வீட்டோடேயே தங்கிவிட்டார். எட்வினம்மா அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. “அவருக்குப் பையன் வேணுமுங்க. இந்தப் பையன் வேண்டாம். அவ்ளோதான்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகும் வீடு தேடி ஜெபம் பண்ண வருகிறவர்கள் விடவில்லை. பையன் தலையில் கை வைக்கப் போனால் தடுத்துவிடுவார். “அவனுக்கு என்னங்க குறை? நல்லாத்தான் இருக்கறான். எனக்குத்தான் முட்டி வலிங்க, நிக்க முடியறதில்ல. அதுக்குச் சித்தெ ஜெபம் பண்ணிப்போட்டுப் போங்க” என்று தன் முழங்காலை நீட்டுவார். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். முழங்காலுக்கு ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போவார்கள். மறுபடி வரமாட்டார்கள்.

அவருடைய ஒறம்பரையில், சொந்தக்காரர் வீட்டில், ஒரு கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது. துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். பந்தியில் மூன்று பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். இலையில் சாதமும் விழுந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் குனிந்து, பையன் சிந்திச் சாப்பிடுவதைப் பெரிய மனுஷர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது, அவனுக்குப் பின்பக்கம் தனியாகப் போடச் சொல்கிறேன் என்று காதோடு சொன்னார். எட்வினம்மா இலையை மூடினார். பையனை எழுப்பினார். என்னைப் பார்த்து, “நீ சாப்புட்டுப்போட்டு வா கண்ணு, நாங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கறோம்” என்றார். நான் எப்படிச் சாப்பிடுவேன். நானும் எழுந்தேன். பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தார்.

நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்மவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட வீட்டில் அதற்குப் பிறகு கை நனைப்பதில்லை. சாவு விழுந்தால் போகலாம், வேலை செய்யலாம், வாசலில் நின்று பேசலாம். சோறு தண்ணீர் கிடையாது. கூப்பிட்டு, எழுப்பிவிட்ட ஆளை முதலில் உட்கார வைத்துப் போட்டால்தான் அந்த மனத்தாங்கல் தீரும்.

அதே கல்யாணப் பெண்ணுக்குக் கோயமுத்தூரில் பிரசவம் ஆனபோது, ஆஸ்பத்திரிக்கு ரசமும் சோறும் ஆக்கித் தூக்குப் போசியில் கொண்டுபோனவர் எட்வினம்மாதான். பெண்ணின் தகப்பனார் வெட்கப்பட்டு ஒரு காபி வாங்கி வந்து நீட்டினார். “இருக்கட்டுங்க மாமா” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வந்துவிட்டார். கோபமா அக்கா என்று கேட்டேன். “ஆரு மேலயும் கோபமில்ல கண்ணு. என்ற பையன் எந்திரிச்ச எடத்துல எனக்குச் சோறு எறங்காது” என்றார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் கோவிலில் நடந்ததைப் பலபேர் அகம்பாவம் என்றார்கள். தேவதூஷணம் என்றுகூட ஒருவர் சொன்னார். அது இரண்டும் இல்லை.

எங்கள் சபையில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பேராயர் வந்து தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் செய்வார். அதற்குப் பிறகுதான் அவர்கள் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். அதுவரை பீடத்தின் முன் முழங்கால் போட்டால் ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். எட்வின் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த வருடம் திடப்படுத்தல். எட்வினம்மா அவனுக்கும் வெள்ளைச் சட்டை தைத்து, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வைத்துவிட்டார். அவர் யாரிடமும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கு இதற்குக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பேராயர் வருவதற்குச் சற்று முன்பு சபைச் செயலர் வரிசையைப் பார்வையிட வந்தார். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் எட்வினைப் பார்த்ததும், அவன் முழங்கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்து, பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். முரட்டுத்தனமாகச் செய்யவில்லை. நாற்காலி ஒன்றை நகர்த்துகிற மாதிரிச் செய்தார். எட்வின் திரும்ப எழுந்து வரிசைக்கு வந்தான். திரும்ப உட்கார வைத்தார். அவன் “ம்ம்ம்” என்று சத்தம் போட்டான். அதற்குள் பேராயரின் பவனி உள்ளே வந்துவிட்டது.

அன்றைக்குத் திருவிருந்தும் இருந்தது. எட்வினம்மா பையனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் அடுத்து முழங்கால் போட்டிருந்தேன். எட்வின் எல்லாரையும் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தான். ஐயர் அப்பத் தட்டோடு வந்தார். நீட்டிய கையைத் தாண்டி அவன் தலையில் கையை வைத்தார். அடுத்து அவன் அம்மாவுக்கு அப்பத்தை எடுத்து நீட்டினார். எட்வினம்மா கையை மூடிக்கொண்டார்.

ஐயர் கொஞ்சம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். நான் வாங்கினேன். வாய்க்குள் அது மரத்துண்டு மாதிரிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் சண்டை பிடித்தேன். ஐயர் மேல் கோபம் என்றால் ஐயரோடு வைத்துக்கொள், ஆண்டவருடைய பந்தியை வேண்டாம் என்று சொல்லலாமா, பாவமில்லையா என்று கத்தினேன். அவர் அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

“பந்தியில இருந்து என்ற பையன எழுப்பிவுட்டாங்க கண்ணு. ஆண்டவரு ஊடுன்னா என்ன, மாமன் ஊடுன்னா என்ன? அவனுக்குப் போடாத எடத்துல நான் எப்புடிக் கை நனைக்கறது?”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் திருவிருந்து ஞாயிறன்று அவர் பையனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போவார். முழங்கால் போடுவார். அவன் கையை நீட்டுவான். அவனுக்கு ஆசீர்வாதம் கிடைக்கும். இவர் கையை மூடிக்கொள்வார். எழுந்து வந்துவிடுவார்கள். இடத்தை விட்டு விலகவும் இல்லை, வேறு சபைக்குப் போகவும் இல்லை. பீடத்துக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுப்பார். எட்வினுக்குப் பேச்சு தெரியாதே தவிர, வெள்ளைத் துணி விரித்திருந்தால் இன்றைக்குத் திருவிருந்து என்று தெரியும். அந்த ஞாயிறுகளில் மட்டும் அவன் சத்தம் போட மாட்டான்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் அங்கே இருந்தேன். விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவனுக்குத் திடப்படுத்தல் கிடையாது, புரியாமல் வாங்கினால் அது அவனுக்கே ஆக்கினைத் தீர்ப்பு என்று செயலர் விளக்கினார்.

எட்வினம்மா மரியாதையாகத்தான் கேட்டார். “ஏனுங்க சார், அந்த அப்பம் எப்புடி ஆண்டவரோட சரீரமாகுதுன்னு எனக்குச் சித்தெ சொல்லுங்க. நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்துக்கறேன்.”

“அது ரகசியம்மா. மனுஷனுக்குப் புரியாது.”

“அப்ப உங்களுக்கும் புரியாது, அவனுக்கும் புரியாது. ரெண்டு பேரும் ஒரே வகுப்புதானுங்களே.”

ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். செயலர் முகம் சிவந்தது. எட்வினம்மா விடவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் அவனுக்குப் பதிலாக நாங்கள்தானே விசுவாசிக்கிறோம் என்று சொன்னோம், அன்றைக்கு எங்கள் வாய் செல்லும் என்றால் இன்றைக்கு ஏன் செல்லாது என்று கேட்டார். ஐயர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நிஜமான காரணம் வெளியே வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், எல்லாரும் குடிக்கிற ஒரே பாத்திரம், அவனுக்கு வாய் ஒழுகுது என்று முணுமுணுத்தது. யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அது ஒருவருடைய குரல் இல்லை, அங்கே உட்கார்ந்திருந்த பலபேருடைய குரல். விசுவாசப் பிரமாணமாவது, கட்டளையாவது. எச்சில்தான் காரணம்.

எட்வினம்மா குரலைத் தாழ்த்தி, “அப்புடீன்னா எல்லாரும் குடிச்ச பொறகு கடைசியா அவனுக்குக் குடுங்க. உங்க எல்லாரு எச்சியும் அவனுக்குப் பரவால்லீங்க” என்றார்.

தனியாகப் போட்ட சோற்றை வேண்டாம் என்று எழுந்து வந்தவர், எத்தனை தூரம் இறங்கி வந்தார் என்று பாருங்கள். அதற்கும் இவர்கள் இறங்கவில்லை. ஜெபத்தோடு யோசிப்போம் என்று முடித்து, சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். எத்தனையோ வருடம் ஜெபத்தோடு யோசித்தார்கள். எட்வினுக்கு மீசை முளைத்தது. முன் தலையில் முடி கொட்டியது. முப்பது வயது ஆளின் தலையில் பச்சைக் குழந்தைக்கு வைப்பதுபோல் கைவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஐயர் மாற்றலாகிப் போய்ப் புதிதாக ஒரு இளம் ஐயர் வந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். வந்த கொஞ்ச நாளில் எட்வினம்மா வீட்டுக்கு வந்தார். நோயாளிகளுக்கு வீட்டில் கொடுப்பதுபோல எட்வினுக்கு வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன், கமிட்டிக்குத் தெரிய வேண்டாம் என்றார். நானும் அங்கே இருந்தேன். ஒத்துக்கொள்ளக்கா என்று கண்ணைக் காட்டினேன்.

எட்வினம்மா ஐயரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். எட்வினுக்கும் கொடுத்தார். பிறகு, “ஐயா, உங்க ஊட்டு விசேசத்துக்கு வந்த ஒறம்பரைய, ஆருக்கும் தெரியாம சந்துல நிக்க வெச்சுச் சோறு போடுவீங்களா?” என்று கேட்டார். ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். “அவன் நோயாளி இல்லீங்கய்யா. நடந்து வந்து முன்னால முழங்கால் போடறான். அங்க வெச்சுக் குடுங்க.”

குடுக்கிறேன் என்று ஐயர் சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்றார்.

எட்வின் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே முடிந்துவிட்டது. என் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவன், கல்யாணத்துக்கு இல்லை.

அடக்கத்துக்குச் சபையே திரண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது அவனுக்குப் பக்கத்தில் உட்காராதவர்கள் பூ வளையம் கொண்டுவந்தார்கள். செயலர் முன்னால் நின்று எல்லா ஏற்பாடும் செய்தார். கல்லறைத் தோட்டத்தில் ஐயர் பேசினார். மனதாரத்தான் பேசினார், நடிப்பில்லை. நம் எட்வின் இப்போது ஆண்டவருடைய பந்தியில், அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அங்கே ஒரு குறைவும் இல்லை என்றார். பெண்கள் விம்மினார்கள்.

எட்வினம்மா குழியின் ஓரத்திலிருந்து நிமிர்ந்தார்.

“ஐயா, நெசமாலுமே அங்க உக்காந்திருக்கறானுங்களா?”

“ஆமாம்மா. அதுதான் நம்ம விசுவாசம்.”

“அங்க உக்கார அவனுக்கு யோக்கிதை இருக்குதுங்களா?”

“இருக்குதும்மா. நிச்சயமா இருக்குது.”

“அப்பறம் இங்க ஏனுங்க இல்லாமப் போச்சு?”

செயலர் மண்வெட்டிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். மண் தள்ள ஆரம்பித்தார்கள். பதில் சொல்லாமலே ஒரு கேள்வியைப் புதைத்துவிடலாம் என்று அவர்கள் நினைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருடத்துக்குள் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. எட்வின் மாதிரிப் பிள்ளைகளுக்கும் இனிமேல் திடப்படுத்தலும் திருவிருந்தும் உண்டு. திராட்சரசத்தில் தோய்த்து அப்பத்தைக் கொடுத்தால் பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் வழி. இது முன்னாலேயே யாருக்கும் தோன்றவில்லையாம். சபையின் ஆண்டு விழாவில் செயலர் இதைப் பெருமையாகச் சொன்னார். கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

தாராபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு பெண் பிள்ளை இருந்தது. சிரித்த முகம். முதலில் வாங்கினது அந்தப் பிள்ளைதான். அதற்கு வெள்ளைக் கவுனைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது எட்வினம்மா. தலையில் முக்காட்டைச் சரிசெய்து ஊக்குக் குத்தி முன்னால் அனுப்பியதும் அவர்தான். பிள்ளை அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. எட்வினம்மாவும் சிரித்தார். அத்தனை வருடத்தில் கோவிலுக்குள் அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் எழுந்து போய் முழங்கால் போட்டார். கோவிலே அவரைப் பார்த்தது. ஐயர் அப்பத்தை நீட்டினார். எட்வினம்மா கையைத் திறக்கவில்லை.

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் வைத்துச் சத்தம் போட்டேன். இன்னும் என்னக்கா வேண்டும், செத்துப்போனவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத வார்த்தைதான். வந்துவிட்டது.

“அந்தப் புள்ளைக்குக் குடுத்தாங்க, மனசு நெறைஞ்சு போச்சு கண்ணு,” என்றார். “ஆனா என்ற பையனுக்கு இன்னும் குடுக்கலயே.”

எட்வினுக்குக் கொடுக்க இனி இந்த உலகத்தில் வழியில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன. செய்த தப்பைத் திருத்த முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் யார்? அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

அவர் படுத்தபோது எனக்கு ஒரே ஒரு பயம்தான். சர்க்கரை முற்றிக் கால் போய்விட்டது. பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். கஞ்சி புகட்டுவதும் துடைத்துவிடுவதும் நான்தான். இத்தனை வருடம் வாங்காமல் இருந்துவிட்டார், வாங்காமலேயே போய்விடுவாரோ என்று எனக்கு மனசு பதறியது. நான் படித்தவள் இல்லை. திருவிருந்து வாங்காமல் போகும் ஆத்துமாவுக்கு என்ன ஆகும் என்று வாதம் பண்ண எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்த பயம் போகுமா? அவரிடம் சொல்லாமல் நானே ஐயருக்குப் போன் பண்ணினேன்.

காலையில் ஐயர் தனியாக வந்தார். சின்னப் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி விரித்து, தட்டையும் பாத்திரத்தையும் எடுத்து வைத்து, ஜெபம் பண்ணி அப்பத்தை ஆசீர்வதித்தார். எட்வினம்மா கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐயர் கட்டில் பக்கத்தில் தரையிலேயே முழங்கால் போட்டார்.

“அம்மா, சபை செஞ்சது தப்பு. நான் செஞ்சது அதவிடத் தப்பு. எனக்குத் தெரிஞ்சிருந்தும் பயந்துட்டேன். என்னை மன்னிச்சு இதை வாங்கிக்கங்க.”

“தெரியுமுங்கய்யா. உங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைக இருக்குது,” என்றார் எட்வினம்மா. பேசுவதற்கே மூச்சு இழுத்தது. “உங்க மேல வெசனம் ஒண்ணுமில்லீங்க. ஆண்டவரு மேலயும் கோபமில்ல. நான் அவரு ஊட்டுக்கே போய்ச் சாப்புட்டுக்கறேன். என்ற பையன் அங்க உக்காந்திருக்கறான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தேன். ஒரு வாய் வாங்கிக்கொள்ளக்கா, எனக்காக என்று கெஞ்சினேன். அவர் என் கையை அழுத்தினார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆசீர்வதித்த அப்பத்தையும் ரசத்தையும் பெட்டியில் திருப்பி வைக்க முடியாது. கீழே கொட்டவும் கூடாது. தட்டை என் பக்கம் நகர்த்தி, “நீங்க எடுத்துக்கறீங்களாம்மா?” என்றார்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாளே உபவாசம் இருக்கிறவள் நான். ஒரு மாதம் தவறினாலும் மனசு ஆறாது. ஆனால் அவர் பட்டினியாகப் படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவேன்?

“வேண்டாங்கய்யா,” என்றேன்.

ஐயர் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்பத்தைத் தானே வாயில் போட்டு மென்றார். பாத்திரத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அவர் ஒருவர் மட்டும் தனியாகச் சாப்பிட்டார்.